கிணற்று விளிம்பில் ஒரு பையன்

ஜெயபிரகாஷ் அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான். சற்று நேரத்தில் அவன் தங்கை வான்மதி வந்து அதை மறுபடி முன்பக்கமாகத் திருப்பினாள்.

"அண்ணா, இதோட மூணாவது தடவ. வர்றவங்க பாக்கறாங்க."

"அவங்க அப்பாவப் பாக்கட்டும். அதுக்குத்தான வந்திருக்காங்க."

"பெட்டிக்குள்ள படுத்திருந்தா எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பாங்க. அப்பா யாருன்னு இதப் பாத்தாத்தான் தெரியும்."

"அதனாலதான் திருப்பி வெக்கறேன்," என்றான்.

வான்மதி படத்தைத் தாங்கிய மரச்சட்டத்தின் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி, இனி எவனும் ஒரு கையால் திருப்ப முடியாதபடி வைத்துவிட்டுப் போனாள்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் அந்த இறுதிச் சடங்குக் கூடத்தில் எல்லா நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு டிஷ்யூ பெட்டி இருந்தது. அழுவதற்கு வேண்டிய ஏற்பாட்டில் அமெரிக்கர்கள் குறை வைப்பதில்லை. சேனாபதி புதன்கிழமை மதியம், வான்மதி வீட்டுச் சாய்வு நாற்காலியில், தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எண்பத்து நான்கு வயது. யாரையும் தொந்தரவு செய்யாத சாவு என்று வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயபிரகாஷ் மட்டும் கூடத்தின் கடைசிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். பெட்டிக்குப் பத்தடிக்குள் அவன் இன்னும் போகவில்லை. அந்தப் பெட்டிக்கும் ஒரு விளிம்பு இருந்தது. அதன்மேல் குனிந்துதான் உள்ளே பார்க்க வேண்டும்.

படத்தில் இருந்தது ஒரு பெரிய கிணறு. ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. ஒரு மாடி வீட்டை உள்ளே இறக்கினாலும் வெளியே தெரியாது. சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பில், கால்களை உள்ளே தொங்கவிட்டு, சட்டை போடாத ஐந்து வயதுப் பையன் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மேலேயிருந்து வெயில் சாய்வாக, கற்றை கற்றையாக இறங்குகிறது. பையன் குனிந்து பார்க்கும் இடத்தில் எதுவுமே இல்லை, கறுப்புதான். சேனாபதி அதற்கு ‘ஆன் த பிரிங்க்’, அதாவது ‘விளிம்பில்’, என்று பெயர் வைத்து வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். போன இடத்திலெல்லாம் மெடல் வாங்கி வந்தது. பையனின் இடுப்பருகே இருந்த ஒரு நிழலைப் பற்றி மட்டும் ஒரு நடுவர் அரைப்பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தார்.

அந்தப் பையன் ஜெயபிரகாஷ்.

சேனாபதி ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்தினார். பகலெல்லாம் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசிவிட்டு, சாயங்காலம் மண்டிக்குப் பின்னாலிருந்த இருட்டறைக்குள் போய்விடுவார். பார்த்தால் ஓவியமோ என்று சந்தேகம் வர வேண்டும், அப்படி ஒரு படம் அச்சாகும்வரை வெளியே வரமாட்டார். ‘பிக்டோரியல்’ என்பார்கள் அந்த வகையை. ஊரில் அவரை ‘ஃபோட்டோ மண்டிக்காரர்’ என்றார்கள். மஞ்சளில் வந்த பேர் மஞ்சளோடு போயிற்று. படங்களையோ ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கி, பெட்டி பெட்டியாக எடுத்துப் போயிருந்தது.

ஜெயபிரகாஷுக்கு அந்த நாள் முழுக்க நினைவிருந்தது. தொடைக்கடியில் சுட்ட கல். கீழேயிருந்து ஏறிவந்த பாசி வாசனை. பொந்திலிருந்து சடசடத்துக் கிளம்பிய புறா. எங்கோ பின்னால், வெகு தூரத்திலிருந்து, அப்பாவின் குரல்: "ஆடாத கண்ணு. மூச்ச இழுத்துப் புடி." அந்தத் தூரம்தான் அவனை இன்றுவரை தூங்கவிடாதது. அவன் விழுந்தால் ஓடிவந்து பிடிக்க முடியாத தூரம்.

பே ஏரியாவில் இத்தனை வருடம் இருந்தும் அவன் ஒரு பாலத்தையும் கடந்ததில்லை. எதிர்க்கரையில் வேலையென்றால் மில்பிடாஸ் வழியாக வளைகுடாவையே சுற்றிக்கொண்டு போவான். நண்பர்கள் அவனுக்கு மில்பிடாஸில் சிலை வைக்கலாம் என்று கேலி செய்வார்கள். மாடி ஹோட்டலில் பால்கனிக் கதவுக்கு நாற்காலியை அண்டக் கொடுத்துவிட்டுத் தூங்குவான். அவன் மனைவி எழிலரசி முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஒரே ஒரு முறை அவன் அப்பாவிடம் நேராகக் கேட்டிருக்கிறான்: "நான் விழுந்திருந்தா?"

சேனாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஃபிலிம் வீணாப் போயிருக்கும்."

மண்டிக்காரர் தமாஷ். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை வேறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் படகு. சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். மகன்தான் கரைக்க வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் அவன் உள்ளங்கை வியர்த்தது. கால்சட்டையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே கறுத்திருந்தது.

கோயில் பழக்கத்தில் எல்லா வீட்டுச் சாவையும் எடுத்து நடத்தும் பத்மநாபன் அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

"ஜேபி, போட் சொல்லியாச்சு. ஹாஃப் மூன் பே. சின்னப் போட்தான், கம்பி முட்டி உசரம். நீ நன்னா குனிஞ்சு தண்ணி கிட்டக்க கொண்டுபோய் விடணும். நின்னுண்டு போட்டா காத்து திருப்பி அடிக்கும். போன மாசம் ஒருத்தர் தன் மாமனார மொத்தமா ஷர்ட்லயே வாங்கிண்டுட்டார்."

"வேற யாராச்சும் பண்ணலாங்களா அங்கிள்?"

"பேஷா பண்ணலாம். வான்மதி பண்ணலாம், உன் பொண்ணு பண்ணலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா." அவர் கொஞ்சம் தயங்கினார். "உனக்கு உடம்பு ஏதாவது?"

"இல்லைங்க. எனக்குத் தண்ணின்னா பயம்."

"லைஃப் ஜாக்கெட் தருவான்டா."

இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அவன் வான்மதியைத் தேடிப் போனான். அவள் காபி மேசையருகே காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் படகுக்கு வரல," என்றான்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ இதச் சொல்லுவேன்னு. புதன்கிழமையிலிருந்து காத்துட்டிருக்கேன்."

"என்னக் கிணத்து மேல உக்கார வெச்சாரு, வானு. அஞ்சு வயசு. ஒரு படத்துக்காக. அவரக் கரைக்க நான் தண்ணிக்கு மேல போய்க் குனியணுமா? அது மட்டும் என்னால ஆகாது. மத்ததெல்லாம் பண்றேன்."

"செரி. நீ வராத." அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். "ஆனா வராததுக்குப் பயம்னு மட்டும் சொல்லு. அப்பா மேல போடாத. இன்னைக்கு ஒரு நாள்."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தபோது ஒரு பெண் தயக்கத்தோடு அருகில் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கனமான பை.

"வணக்கம் அண்ணா. நான் கௌசிகா. ஆவணக் காப்பகத்தில இருந்து வாறன். அப்பான்ட படங்களை நாலு வருஷமா நான்தான் ஒழுங்குபடுத்திறன். படத்தைக் கொண்டுவந்து தந்ததும் நான்தான்."

"நீங்கதானா," என்றான் ஜெயபிரகாஷ். மரியாதைக்கு அவ்வளவுதான் வந்தது.

"உங்களைப் பாக்கவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். அந்தப் பெடியன் நீங்கள்தானே?" அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு இடம் நினைவுக்கு வந்து அடங்கியது. "அந்த நெகட்டிவைத் தேடி நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஒண்டைத் தேடினபடியால்தான் கிடைக்கேல்ல. அது ரெண்டு."

"ரெண்டு பிரதியா?"

"இல்லை அண்ணா. கிணறு ஒண்டு, நீங்கள் ஒண்டு."

அவனுக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்தது. "அந்தக் காலத்துப் பிக்டோரியல்காரர் எல்லாரும் செய்யிறதுதான். வானத்துக்கு ஒரு நெகட்டிவ், மரத்துக்கு ஒண்டு, ஆளுக்கு ஒண்டு. எல்லாத்தையும் சேத்து ஒரே தாளில அச்சடிக்கிறது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

பைக்குள்ளிருந்து டேப்லட்டை எடுத்து மேசைமேல், கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள்.

முதல் படம் கிணறு. அதே கிணறு, அதே வெயில் கற்றைகள். விளிம்பில் யாரும் இல்லை.

அடுத்த படத்தில் அவன் இருந்தான். முதுகு, தொங்கும் கால்கள், குனிந்த தலை. அவனைச் சுற்றிச் செங்காவி வண்ணம் அப்பியிருந்தது. பையனை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தூரிகையால் மறைத்திருந்தார்கள்.

"இது வேலை செய்த நெகட்டிவ். இது அதே ரோல்ல அடுத்தது. இதில வண்ணம் பூசேல்ல."

மூன்றாவது படம் வந்தது.

சாக்கு மூட்டைகள். மண்டிக் கிடங்கின் சுவர், அதில் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு. மூட்டைகளின் மேல் ஐந்து வயது ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். தரை அவன் காலுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, அவன் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை விரலில் சுற்றி, முஷ்டியாக இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் பையனின் தோல் சுருங்கியிருந்தது.

"இந்தக் கையைத்தான் அவர் பிறகு கத்தியால சுரண்டி நிழலாக்கியிருக்கிறார்," என்றாள் கௌசிகா. "மற்றக் கையில ரப்பர் பந்து. அமுக்கினா கமெரா தானா எடுக்கும். பாருங்கோ, இந்த மூலையில குழாய் தெரியுது."

வான்மதி குனிந்து பார்த்தாள். "சுண்டு விரல்," என்றாள்.

அந்தக் கையின் சுண்டு விரல் நடுவில் ஒடிந்து வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இளவயதில் மண்டித் தராசில் மாட்டிய அப்பாவின் விரல்.

கௌசிகா இன்னும் ஒரு படம் தள்ளினாள். அதில் பையன் திரும்பிக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டு இல்லை. கை மட்டும் அப்படியே இருந்தது.

"அப்போ கிணறு?" என்றான் ஜெயபிரகாஷ். "நான் அந்தக் கிணத்துக்கே போகலியா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணா. அந்தக் கிணத்து ரோல்ல ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"எனக்கு ஞாபகம் இருக்குதே. வாசம் ஞாபகம் இருக்குது. புறா பறந்தது."

காபி இயந்திரம் கடைசிச் சொட்டை இழுத்துக் கரகரத்தது.

அவனுக்கு மனம் இலேசாகவில்லை. அந்த நிம்மதி எங்கிருந்தோ வரும் என்று ஒரு கணம் காத்துக்கூட இருந்தான். அதற்குப் பதிலாகக் கால்களுக்கடியில் இருந்த தரைவிரிப்பு மெதுவாக நழுவுவதுபோல இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டான். பயம் என்ற சரக்கு கிடங்கில் அப்படியே கிடந்தது. அனுப்பியவர் பெயர்தான் அழிந்துவிட்டது. இனி யார் தலையில் கட்டுவது?

"உனக்குத் தெரியுமா?" என்று வான்மதியைக் கேட்டான்.

"சாமி சத்தியமாத் தெரியாது."

"ஏன் சொல்லல? நான் எத்தன தடவ கேட்டிருப்பேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"துண்டுக்குள்ள பேசுன வெலைய வெளிய சொல்லுவாராண்ணா அவரு?" வான்மதியின் கண் அந்தப் படத்தை விடவில்லை. "நாலு பேரு மெச்சுன படம் மூட்ட மேல எடுத்ததுன்னு சொல்றதுக்கு, மோசமான அப்பன்னு பேரெடுத்தாலும் பரவாயில்லன்னு இருந்துட்டாரு." கொஞ்சம் விட்டு, "ஒரு மொழ ஒசரத்துக்குப் போயி இந்தப் புடி. பல்லி கண்டா அலர்ற மனுசன்," என்றாள்.

கௌசிகா டேப்லட்டை மூடத் தயங்கினாள். "இன்னொண்டு கேக்கலாமோ அண்ணா? பட்டியல் எழுத வேண்டிக் கிடக்கு. ரெண்டாயிரத்து மூண்டுக்குப் பிறகு அவர் ஒரு படமும் எடுக்கேல்ல. அதுக்கு முதல் ஒரு மாசம்கூட விட்டதில்லை. கேட்டதுக்கு, கண்ணு போச்சு எண்டு சொன்னவர். பிறகு பாத்தா, இங்க வந்தும் கண்ணாடி போட்டுப் பேப்பர் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தவர்."

ஜெயபிரகாஷ் கூடத்தின் மறுபக்கம் பார்த்தான். அவன் மகள் கண்மணி பெட்டியருகே எழிலரசியோடு நின்றிருந்தாள். அவள் பிறந்தது இரண்டாயிரத்து மூன்றில். சேனாபதி ஈரோட்டிலிருந்து பேத்தியைப் பார்க்கக் கேமராவோடு வந்தார். தொட்டிலருகே நின்று லென்ஸ் மூடியைக் கழற்றினார். ‘இவள எந்தக் கிணத்து மேல உக்கார வெக்கப் போறீங்க?’ என்று ஜெயபிரகாஷ் கேட்டான். எல்லாருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவர் மூடியைத் திரும்ப மாட்டினார். மாட்டும்போது வந்த அந்தச் சின்னச் சத்தம்கூட அவனுக்குக் கேட்டது. இது உண்மையில் நடந்தது. இதற்குச் சாட்சிகள் இருந்தார்கள்.

"கண்ணுதான்," என்றான் கௌசிகாவிடம். "அப்படியே எழுதிக்குங்க."

அதற்குள் பத்மநாபன் அங்கிள் கைதட்டாத குறையாக எல்லாரையும் கூப்பிட்டார். வாய்க்கரிசி போட வேண்டும். மகன் முதலில்.

பத்தடி நடந்தான். பெட்டியின் பளபளப்பான விளிம்பு இடுப்பில் இடித்தது. கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. மூடவில்லை. குனிந்தான். முகத்தை அவன் பார்க்கவில்லை. மார்பின்மேல் மடித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தான். சுண்டு விரலை நேராக்க யாரோ முயன்று, முடியாமல் விட்டிருந்தார்கள்.

"டாட், ஆர் யூ ஓகே?" என்று கண்மணி பின்னாலிருந்து கேட்டாள்.

"ம்."

"அரிசி, ஜேபி," என்றார் அங்கிள். "போடுப்பா. பின்னாடி வரிசை நிக்கறது."

போட்டான். பாதி உதட்டில் விழுந்தது, பாதி கழுத்துக்குள் போயிற்று. பிறகு எரியூட்டும் இடத்தில் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினான். அதில் அவனுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. நெருப்புக்கு விளிம்பு இல்லை.

அன்று மாலை வான்மதி வீட்டு வாசலில் காரில் ஏறும்போது, கண்ணாடியை இறக்கி, "எத்தன மணிக்குப் படகு?" என்று கேட்டான். அவள் நேரத்தைச் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாலத்தின் வழியாகப் போகவில்லை. மற்றவர்கள் சான் மடேயோ பாலத்தில் ஏறிக் கடலோரம் போய்க் காபியும் குடித்து முடித்த பிறகுதான், மில்பிடாஸைச் சுற்றிக்கொண்டு ஜெயபிரகாஷின் கார் வந்து நின்றது. எழிலரசி ஓட்டினாள். அவன் மடியில் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி இருந்தது. உண்மையைத் தெரிந்துகொண்டதால் மட்டும் உடம்பு கேட்பதில்லை என்பதை அவன் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தான்.

கேப்டன் ஒரு பெண்மணி. தடித்த சுவெட்டர், நரைத்த சடை. அவனுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். படகு கரையை விட்டதும் மூடுபனிக்குள் எல்லாம் சாம்பல் நிறமாயிற்று. அலை பெரிதாக இல்லை. ஆனால் நீண்டு, மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கியது. இறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் பற்களைக் கடித்தான். தாடை வலித்தது. கண்ணை வான்மதியின் செருப்பில் வைத்துக்கொண்டான்.

இயந்திரம் நின்றது. அந்த அமைதி அவன் எதிர்பார்க்காதது. படகின் அடியில் தண்ணீர் நாக்குத் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. கீழே எவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தான், நினைத்துவிட்டான்.

"டாட், ஐ கேன் டூ இட்," என்றாள் கண்மணி. "ரியலி."

"ஜேபி, முடியலன்னா பொண்ணுட்ட குடு," என்றார் அங்கிள். "ஒண்ணும் தப்பில்ல."

அவன் எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். கம்பிவரை இரண்டு எட்டு இருந்தது, ஒன்று வைத்தான். படகு சாய்ந்ததும் நிற்க முடியாதென்று தெரிந்துவிட்டது. மண்டியிட்டான். அதுவும் போதவில்லை. கடைசியில் ஐம்பத்தைந்து வயது ஆள், ஈரத் தளத்தில் குப்புறப் படுத்து, பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டே, வயிற்றால் நகர்ந்து ஓரத்துக்குப் போனான். லைஃப் ஜாக்கெட் தொண்டைக்கு ஏறிக்கொண்டது. அங்கிள் வாயைத் திறந்தார். எழிலரசி அவர் கையைத் தொட்டாள்.

கம்பிக்கு அடியில் தலையையும் தோளையும் நீட்டினான். தண்ணீர் பச்சையாக, மிக அருகில் இருந்தது. கொஞ்சம் கீழே பச்சை கறுப்பாகி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. குளிர் முகத்தில் அறைந்தது. துணியை அவிழ்த்தான். பெட்டியைச் சாய்த்தான். சாம்பல் உடனே மூழ்கவில்லை. வெளிறிய ஒரு மேகமாகப் பரந்து, தயங்கி, பிறகு இறங்கியது. அவன் அதை, கண்ணுக்குத் தெரிந்தவரை, பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாமல் போன பிறகும் பார்த்தான்.

"அண்ணா," என்றாள் வான்மதி. "போதும், வா."

"எந்திரிக்க முடியல."

"பயமா இருக்குதா?"

"ஆமா."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தாள். கண்மணி வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். யாரும் அவனைத் தூக்கவில்லை. படகு தன் பாட்டுக்கு மெல்லத் திரும்பி, கரை இருந்த திசை இப்போது எதுவென்று தெரியாமல் போயிற்று. கேப்டன் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அவசரமில்லாமல் குடிக்கத் தொடங்கினாள்.